கேட்காமல் எடுத்த படம்

இந்துமதி முதன்முதலாகப் படம் எடுத்த அன்று நல்லதும் படம் எடுத்தது. காங்கயத்துக்குக் கிழக்கே அரிசி ஆலைகள் வரிசையாகப் புகை விடும் சாலையில், ஆலைக்காரர் கட்டிவிட்ட ஓட்டு லைன் வீடுகளில் கடைசி வீட்டில், காலைச் சோற்றுக்கு உலை வைத்துக் குனிந்திருந்த அம்மா பழனியம்மாளை அவள் தன் பழைய கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊதுகுழலின் நுனியில் தணல் சிவந்த நேரம் விரலை அமுக்கினாள். கடக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் தண்ணீர்க் குடத்துக்குப் பின்னாலிருந்து கோதுமை நிறத்தில் ஒரு நாகம் எழுந்து, அம்மாவுக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் நின்று, படத்தை விரித்து, அவளையே பார்த்தது.

பழனியம்மாள் கத்தவில்லை. அந்தப் பக்கத்தில் பாம்பைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், நல்லது என்பார்கள். பெயர் சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும். "நல்லது வந்திருக்குது கண்ணு, அசையாத" என்று உதடு பிரியாமல் மகளிடம் சொல்லிவிட்டு, ஊதுகுழலைக் கீழே வைத்து, ஒவ்வொரு எட்டாகப் பின்னால் நகர்ந்தாள். அவள் ஓர் எட்டு வைத்தால் அதுவும் ஓர் எட்டு வந்தது. அவள் நின்றால் நின்றது. சீறவில்லை, ஆடவில்லை. வாசலுக்கு வந்தாள், வந்தது. வெயிலில் நின்றாள், வெயிலில் நின்றது. கடைசியில் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அவள் முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு ஆலைக்கு நடக்க, அதுவும் படத்தை மடக்காமல் அவளுக்கு முன்னால் பின்வாக்கிலேயே ஊர்ந்து போயிற்று.

எல்லோருக்கும் முன்னால் காரணத்தைக் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டுத் தெய்வானை. பல் விளக்கிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தவள் அவள்.

"நீ படம் எடுத்தயா?"

"எடுத்தங்கா."

"அதுவும் எடுத்துப்போட்டுது. நீ எடுத்ததக் குடுத்துட்டீன்னா அது மடக்கிக்கும். எடுத்தவ குடுக்கோணுமல்லொ."

இந்துமதி டவுனுக்கு ஓடி, நாச்சிமுத்து ஸ்டுடியோவில் அந்த ஒரு படத்தை அச்செடுத்து, ஊர்ப் பேச்சில் கழுவி, வாங்கிக்கொண்டு திரும்பியபோது உச்சிப்பொழுது. அம்மா ஆலையின் நெல் உலர்த்தும் களத்தில் நின்றாள். மற்றப் பெண்கள் ஒதுங்கி நின்று நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். படத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் கண்ணுக்கு நேராகக் காட்டினாள், ஒன்றும் ஆகவில்லை. பழனியம்மாள் ஈர உமி ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துவிட்டு நீட்டி வாங்கினாள். வாங்கிய கணத்தில் நாகம் குடையை மடக்குவதுபோலப் படத்தை மடக்கிக்கொண்டு, சூடான நெல்லின்மேல் கோடு இழுத்தபடி வேலிப்பக்கம் போய்விட்டது. பழனியம்மாள் படத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தன கெழவியா நானு?" என்றாள்.

அந்தக் கேமரா ஈரோட்டில் கல்யாணப் படம் எடுக்கிற ஒருவர் கழித்துப்போட்டது. இரண்டு தீபாவளிக்குத் துணி எடுக்காமல் இந்துமதி அதை எடுத்திருந்தாள். அது தானாகக் குவியாது, வளையத்தைக் கையால் திருப்பித்தான் தெளிவு கொண்டுவர வேண்டும். பேட்டரியின் மூடி உடைந்து ரப்பர் பேண்டில் நின்றது. மெமரி கார்டு ஒன்றே ஒன்று, இன்னொன்று வாங்க வழியில்லை. ஆட்டம் இல்லாமல் எடுக்க ஸ்டாண்டு வேண்டுமென்று போன் வீடியோவில் ஒருவர் பாடம் நடத்தியபோது, அவள் அம்மாவின் பழைய ரவிக்கைத் துணியில் ஒரு பை தைத்து, ஆலையிலிருந்து உமி அள்ளி நிரப்பி, அதன்மேல் கேமராவைப் பதித்துக்கொண்டாள். வெளிச்சத்தைத் திருப்ப முதலாளி வீட்டு டிவி வந்த பெட்டியின் தெர்மாகோல் இருந்தது. பி.காம் முடித்தவள் அவள். அந்த லைனில் கல்லூரி வாசல் மிதித்தவள் அவள் ஒருத்திதான். ஆலை ஆபீஸில் நிழலில் உட்கார்ந்து பில் போட்டாள். நிழலில் உட்கார்ந்ததிலிருந்து அவளுக்கு எப்போதும் ஒரு பயம் இருந்தது: தன்னை யாரோ தப்பாக உள்ளே விட்டுவிட்டார்கள், ஒருநாள் வந்து எழுப்பிவிடுவார்கள் என்று. கேமராவுக்குள் பார்க்கும்போது மட்டும் அந்தப் பயம் இருந்ததில்லை. இப்போது அதற்குள்ளும் பயம் வந்து குடியேறிவிட்டது.

ஆனாலும் ஊர் எதையும் பழகிக்கொள்ளும். முதலில் அவள் கேமராவோடு வந்தால் கதவைச் சாத்தினார்கள். பிறகு, வாங்கிக்கொண்டால் போய்விடுகிறதே என்று கதவைத் திறந்தார்கள். பிறகு, நல்லது வந்து நின்று பார்த்த முகத்துக்குக் குறையேதும் வராது என்று யாரோ சொல்ல, பெண்பார்க்கும் படத்துக்கு அவளைத் தேடி வந்தார்கள். பெண்ணுக்கு முன்னால் நாகம் நிற்கும்போது பெண் எப்படி நிற்கிறாள் என்பதைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே வந்து உட்கார்ந்தார்கள். சீர் நடந்த ஒரு கல்யாண வீட்டில் மொத்தச் சொந்தத்தையும் வரிசையாக நிறுத்தி எடுத்தபோது முறம் அகலத்துக்குப் படம் விரித்து ஒரே நாகம் எழுந்தது. ஆளுக்கொரு பிரதி கைக்கு வரும்வரை பந்தியில் யாரும் எழுந்திருக்கவில்லை, பாயசத்தை இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்தார்கள். நாச்சிமுத்துவுக்குச் செத்துக்கிடந்த தொழில் பிழைத்துக்கொண்டது. "போனு வந்து எம்பொழப்பக் கெடுத்துது, நல்லது வந்து காப்பாத்துச்சு" என்று அவர் ஸ்டுடியோ சாமிபடங்களுக்கு நடுவில் ஒரு முட்டையும் வைத்தார். ஆலை முதலாளி மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "அம்முணி, நம்ம குடோன ஒரு படம் எடுத்துப்போட்டு, கழுவாம உட்டுரு, எலி ஒண்ணு அண்டாது" என்றார். எடுத்தாள். ஒன்றும் எழவில்லை. குடோனுக்கு வாங்கிக்கொள்ளக் கையில்லை. எழவு வீட்டில் பிணத்தை எடுக்கச் சொன்னார்கள், அங்கேயும் ஒன்றும் எழவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் சாவு வீட்டில் சிலர் நிஜமாக அழத் தொடங்கினார்கள்.

பயந்தவள் இந்துமதிதான். பழகிப்போனவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்குக் கேமராவின் கண்ணாடி வழியாக அந்தப் படத்தின் பின்புறம் தெரியும், விரிந்த தோலில் செதில்கள் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்பது தெரியும், அது மூச்சு விடுவது தெரியும். வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. அவள் தினமும் கேட்டுக்கொண்டாள்.

அதற்குப் பதில் லாரிக் கிளீனர் கந்தவேலின் வழியாக வந்தது. அவன் லாரியின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு படம் எடுக்கச் சொல்லி, "கழுவறதெல்லா எதுக்கு புள்ள, வாட்ஸப்புல போட்டுடு" என்று அரிசி ஏற்றிக்கொண்டு மைசூருக்குப் போய்விட்டான். நாகமும் லாரியில் ஏறிப் போயிற்று. சோதனைச் சாவடியில் அதைப் பார்த்து போலீஸ்காரர் வணக்கம் வைத்ததை அவன் போனில் சொல்லிச் சிரித்தான். அப்புறம் அது இருப்பதையே மறந்துவிட்டான். மறந்துபோய் இருட்டில் தண்ணீர்க் கேனுக்குச் சட்டென்று கை நீட்டினான். இந்துமதி பெரியாஸ்பத்திரிக்குப் படத்தோடு போனபோது உயிர் பிழைத்திருந்தான், வலது கட்டைவிரல் மட்டும் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் அது இன்னும் நின்றது. நர்சுகள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அவன் இடது கையால் வாங்கிக்கொண்டான். அது மடக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகப் போயிற்று. "நல்லா இருக்குது புள்ள படம்" என்றான், அதில் இரண்டு கட்டைவிரலும் இருந்தன.

அன்றிலிருந்து அவள் தனக்கென்று ஒழுங்கு வைத்துக்கொண்டாள். கேட்காமல் எடுப்பதில்லை. எடுத்ததை அன்று பொழுதோடு கொடுக்காமல் தூங்குவதில்லை. மனிதரை எடுப்பது குறைந்தது. கையில்லாதவற்றை எடுத்துப் பழகினாள். உமிப்பையைக் கொதிகலன் கூரையில் வைத்து, களத்தில் காயும் நெல்லை, அதில் பெண்களின் கால் போட்டுவிட்டுப் போன கோடுகளை, அவித்த நெல் கொட்டும்போது எழும் ஆவியை எடுத்தாள். வெளிச்சம் நுழைகிற ஓட்டையைச் சிறிதாக்கினால் ஆவிக்கு உடம்பு வருகிறது என்பதையும், பெரிதாக்கினால் அது வெறும் வெள்ளையாகக் கரைந்துவிடுகிறது என்பதையும் யாரும் சொல்லாமல் கண்டுகொண்டாள். சென்னையில் ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள், தலைப்பு 'உழைப்பு'. ஜெயித்தவருக்குப் புதுக் கேமராவும், பெரிய ஒளிப்படக்காரர் ஒருவரிடம் ஒரு வருஷம் கூட இருந்து கற்றுக்கொள்ள இடமும். எழுப்பிவிட முடியாத ஒரு இடம் என்று அதை நினைத்தாள். ஆவியை அனுப்பலாம் என்று இருந்தாள்.

ஒரு நாள் காலை கூரைமேல் படுத்து ஆவிக்காகக் காத்திருந்தாள். நெல் அவிக்கும் தொட்டி திறந்தது, களம் வெள்ளையாக மூடிக்கொண்டது. கேமராவின் கண்ணாடிக்குள் யாரும் இல்லை என்று நினைத்தாள். பிறகு காற்று ஒருபக்கம் திரும்பி ஆவியைத் திரைச்சீலைபோல இழுத்தது, அதற்குள் நெல் குவியலுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து கைக்குழந்தையோடு புதிதாக வந்திருந்த பவுனம்மா. முகமெல்லாம் தவிட்டுத் தூசி, ஒரு கை இடுப்பில், கண்கள் மட்டும் ஓரமாகத் திரும்பி எதையோ பார்த்தன. வெயில் அந்தக் கண்ணில் விழுந்தது. இந்துமதியின் விரல் பவுனம்மாவைக் கேட்கவில்லை, இந்துமதியையும் கேட்கவில்லை.

கடக்.

ஆவிக்குள் அடையாளம் தெரியாது, அதனால் எழாமல் இருக்கலாம் என்று ஒரு மூச்சு நேரம் நம்பினாள். பிறகு கீழே பெண்கள் எல்லோரும் ஒன்றுபோல ஓர் எட்டுப் பின்னால் போவது தெரிந்தது. வட்டத்துக்கு நடுவில் பவுனம்மா, அவளுக்கு முன்னால் அது. பவுனம்மா நாகத்தைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, சுற்றிலும் இருந்த கூரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இந்துமதி உமிப்பைக்குப் பின்னால் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள்.

மதியமே நாச்சிமுத்துவிடம் ஓடினாள். அவர் படத்தைத் திரையில் பெரிதாக்கினார்.

"இத்தன வருசத்துல எங்கடையில இப்படி ஒரு படம் கழுவுனதில்லீங் அம்முணி" என்றார். "அந்தக் கண்ணப் பாரு. போட்டிக்கு அனுப்பு, கண்ண மூடிட்டு அனுப்பு." பிறகு திரையில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினார். "அந்தக் கைய என்ன பண்றா அவ?"

கை இடுப்பைப் பிடித்திருக்கவில்லை. ஒரு பிடி நெல்லைப் புடவை மடிப்புக்குள் சொருகிக்கொண்டிருந்தது. இரண்டு மணிகள் விரலுக்கும் துணிக்கும் நடுவில் காற்றில் நின்றன. அந்த ஆலையில் பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போகும்போது பெண்கள் ஒவ்வொருவராகக் கேட்டில் நின்று, வாட்ச்மேனுக்கு முன்னால் மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு மணி விழுந்தாலும் மறுநாள் வேலை இல்லை.

"நான் ஒண்ணும் பாக்கல" என்றார் நாச்சிமுத்து, அச்செடுத்த படத்தைக் கவரில் போட்டுக்கொண்டே.

திரும்பி வருகிற வழி முழுவதும் அந்தக் கவர் பையில் கனத்தது. கொடுத்தால் நாகம் போய்விடும். ஆனால் கொடுப்பது என்றால், நான் பார்த்துவிட்டேன் என்று சொல்வது. கொடுத்துவிட்டால் இதைப் போட்டிக்கு அனுப்பட்டுமா என்று கேட்கவும் வேண்டியிருக்கும், கேட்டால் அவள் சம்மதிக்கமாட்டாள். நாளைக் காலை கொடுத்துக்கொள்ளலாம், ஒரு ராத்திரிதானே, அதற்குள் என்ன சொல்வதென்று யோசித்துக்கொள்ளலாம். இப்படி நினைத்து அவள் களத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அம்மா கவரைத் திறந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மடியச் சொருகத் தெரியல அவளுக்கு" என்றாள். சோற்றைப் போட்டு மகள் பக்கம் தள்ளினாள்.

விடிந்தபோது பவுனம்மா இல்லை. குழந்தையையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட்டாள் என்றார்கள். நாகமும் படியேறிற்று, கண்டக்டர் முன்சீட்டை ஒழித்துக்கொடுத்தாராம். யாரோ தன்னைப் படம் எடுத்துவிட்டார்கள் என்பதும், எந்த நேரத்தில் எடுத்தார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். எடுத்தவர் யார், அதை யாரிடம் காட்டப்போகிறார் என்பதுதான் புதிதாக வந்தவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதைவிட ஓடுவது மேல் என்று போயிருக்கிறாள்.

அதற்குப் பிறகு இந்துமதிக்குத் தூக்கம் போயிற்று. யாராவது இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினால் காது அங்கே போய்விடும், கைக்குழந்தை என்ற சொல் வருகிறதா என்று. தவழ்கிற பிள்ளை. அம்மாவின் முகத்துக்கு முன்னால் ஒரு பளபளப்பான பொருள் நிற்கிறது, பிள்ளை அதைப் பிடிக்கக் கை நீட்டுகிறது. பில் எழுதும்போதும், குளிக்கும்போதும், அந்தச் சிறிய கை நீண்டுகொண்டே இருந்தது. கந்தவேல் கட்டைவிரல் இல்லாத கையால் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, "இன்னும் குடுக்கலியா?" என்று மட்டும் கேட்டான். போட்டிக்குக் கடைசித் தேதி நெருங்கியது. அவள் அனுப்பவில்லை. அனுப்பமாட்டேன் என்று முடிவும் செய்யவில்லை, அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

நாகத்தோடு போகிறவளைத் தேடுவது கடினமில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கரூர்ப் பக்கம் பார்த்தேன் என்றார். கரூரில் டீக்கடைக்காரர் ஆற்றோரச் செங்கல் சூளையைக் கை காட்டினார். அந்தம்மா வந்ததிலிருந்து சூளையில் திருட்டுப் பயம் இல்லை என்றும், ஆனால் பக்கத்தில் நின்று யாரும் வேலை செய்வதில்லை என்றும் சொன்னார்.

பவுனம்மா சூளைக்குப் பின்னால் தனியாக மண் மிதித்துக்கொண்டிருந்தாள். முன்னால் அது. வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மேஸ்திரிபோல நின்றது. குழந்தை இல்லை. இந்துமதி மண் குழியின் விளிம்புவரை போய் நின்றாள்.

"பாப்பா எங்கீங்கா?"

பவுனம்மா அவளுடைய முகத்தைப் பார்த்தாள், தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்தாள்.

"ஊருக்கு அனுப்பிட்டேன், எங்கம்மாகிட்ட. இத்த வச்சிக்கினு புள்ளைய எங்க படுக்க வைக்கிறது? பால் மறக்காத புள்ள." மண்ணை மிதிப்பதை அவள் நிறுத்தவில்லை. "நீதானா அது? ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்திருப்பியே."

இந்துமதி கவரை எடுத்து, படத்தை உருவி, இரண்டு கையாலும் நீட்டினாள். பவுனம்மா எட்டிப் பார்த்தாள். பார்த்தவளின் கால் நின்றது. அந்த முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை. தான் இவ்வளவு அழகா என்கிற திகைப்பு ஒரு நொடி வந்துபோனது. பிறகு கண் கீழே இறங்கிக் கையிடம் வந்தது.

"வாங்கிக்கோங்கா. வாங்குனாப் போயிரும்."

"வாங்க மாட்டேன்."

"அக்கா, கும்புடறேன்."

"வாங்குனா, ஆமா நாந்தான், நான் திருடினேன்னு ஒத்துக்கிட்டதா ஆவும். இது என் மூஞ்சி, ஆனா இது என்னுது இல்ல. உன்னுது. நீதான எடுத்த." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நான் எடுத்தது ஒரு பிடி நெல்லு. நீ எடுத்தது என்னா, சொல்லு. நானும் கேக்காம எடுத்தேன், நீயும் கேக்காம எடுத்த. எனக்கு முன்னால இது வந்து நிக்குது. உனக்கு முன்னால ஏன் நிக்கல?"

இந்துமதி நீட்டிய படத்தைத் தாழ்த்தினாள்.

"அதக் குடு" என்றாள் பவுனம்மா, கேமராவைப் பார்த்து.

கொடுத்தாள். மண் கையோடு அவள் அதைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். ஒன்றுமே தெரியவில்லை, எல்லாம் கலங்கல் என்றாள். தன்னை எடுப்பதற்கு இந்துமதியே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. "அந்த வளையத்தத் திருப்புங்கா. என் கண்ணு தெளிவாத் தெரியற வரைக்கும் திருப்புங்க. ரப்பர் பேண்டு கழண்டுக்காமப் பாத்துக்கோங்க." பவுனம்மா திருப்பினாள். திருப்பி முடித்தும் அமுக்கவில்லை. இந்துமதி முகத்தைச் சரிசெய்துகொண்டு நின்றாள், கையைக் கோத்துக்கொண்டாள், காத்திருந்தாள். சூளையின் புகை அவர்களுக்கு நடுவில் வந்து போயிற்று. எடுக்கமாட்டாளோ என்று தோன்றியது. பவுனம்மா வாங்காத படம் கையில் வியர்வையில் நனைவது உறைக்க, அவள் அதை அவசரமாகப் பைக்குள் சொருகிக்கொண்டே யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள்.

கடக்.

மண் குழியின் விளிம்பிலிருந்து அவளுக்கு முன்னால் ஒன்று எழுந்தது. இத்தனை நாளும் பின்னாலிருந்தே பார்த்தவள் அதன் முகத்தை அப்போதுதான் பார்த்தாள். வெறுப்பு இல்லை, இரக்கமும் இல்லை. அது காத்திருந்தது, அவ்வளவுதான். மூச்சை எவ்வளவு மெதுவாக விட வேண்டும் என்று தெரியவில்லை.

"இப்பக் குடு" என்றாள் பவுனம்மா. "இப்ப வாங்கிக்கிறேன்."

இந்துமதி கையைப் பைக்குள் விட்டு, புகைப்படத்தை அணு அணுவாக வெளியே எடுத்து, நாகத்தின் விரிந்த படத்தில் படாமல் சுற்றி நீட்டினாள். பவுனம்மா வாங்கினாள். அவளுக்கு முன்னால் இருந்தது மடக்கிக்கொண்டு சூளைக்குள் போயிற்று. அவள் அது போன பக்கம் பார்க்கவில்லை. படத்தை நான்காக மடித்து, புடவையின் இடுப்பு மடிப்பில் சொருகினாள். இந்தத் தடவை நன்றாகச் சொருகினாள், வெளியே ஒரு முனைகூடத் தெரியவில்லை. பிறகு கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னுதும் உன்னுதும் இதுல எங்க இருக்கு?" என்றாள். இந்துமதி பக்கத்து மூடியைக் காட்டினாள். அவள் கார்டை நகத்தால் நெம்பி எடுத்து, அதையும் அதே மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"கழுவிக்கினு நானே வரேன்."

"எப்பங்கா?"

"புள்ளயப் பாத்துட்டு." கொஞ்ச தூரம் நடந்தவள் திரும்பினாள். "எடுத்தவ குடுக்கணும்னு உங்க ஊர்லதான சொன்னாங்க. வரேன்."

அவள் போய்விட்டாள். இந்துமதி பஸ்ஸில் திரும்பினாள். கண்டக்டர் முன்சீட்டை ஒழித்துக்கொடுத்தார். லைன் வீட்டில் அம்மா ஒன்றும் கேட்காமல் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, தண்ணீர்ச் சொம்பைக் கை நீட்டாமல் எடுக்கும்படி தலைமாட்டில் வைத்தாள். ஆபீஸில் முதலாளி, பில் வாங்க வருகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்று அவள் மேஜையை வெளியே களத்தோரம் போடச் சொன்னார். வெயிலில் உட்கார்ந்து எழுதினாள். யாரோ வந்து எழுப்பிவிடுவார்கள் என்று பயந்திருந்தது நடந்துவிட்டது, அதற்குமேல் அந்தப் பயம் வரவில்லை. முன்னால் நிற்கிற நல்லதின் பயம்தான் வந்தது. பொழுதோடு கேட்டில் பெண்களோடு வரிசையில் நின்று அவளும் பையைக் கவிழ்த்து உதறிக் காட்டினாள். வாட்ச்மேன் நாகத்தைப் பார்த்துவிட்டு, "நீ போ தாயி" என்றார்.

போட்டியின் தேதி போயிற்று. கார்டு இல்லாத கேமராவை அவள் சில நாள் வெறுமனே தூக்கிக் கண்ணில் வைத்து, ஆவியையும் அம்மாவையும் பார்த்து, வளையத்தைத் திருப்பித் தெளிவாக்கி, அமுக்காமலே கீழே வைத்தாள். பவுனம்மாவின் ஊரில் ஸ்டுடியோ இருக்கிறதோ இல்லையோ. கார்டு மடியிலிருந்து எங்கேயாவது விழுந்திருக்குமோ. அந்தப் படத்தில் தான் எப்படி இருக்கிறோம் என்பதும் அவளுக்குத் தெரியாது; பைக்குள் போன கையும் ஓரமாகப் போன கண்ணும் நினைவிருக்கிறது, முகம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பது பவுனம்மாவுக்கு மட்டும் தெரியும்.

"வருவாளாக்கா?" என்று தெய்வானையிடம் கேட்டாள்.

"ஆருக்குத் தெரியும்" என்றாள் தெய்வானை. "நீ ஒரு ராத்திரி வெச்சிருந்தீல்லொ."

சாயங்கால பஸ் ஆலைக் கேட்டுக்கு எதிரே வந்து நிற்கும். பிரேக் சத்தம் கேட்டதும் அவள் பேனாவை மெதுவாகக் கீழே வைப்பாள், எதையும் சட்டென்று செய்வதை விட்டுவிட்டாள். இறங்குகிறவர்களில் இடுப்பில் குழந்தையோடு யாராவது இருக்கிறார்களா என்று சாலைப்பக்கம் திரும்புவாள். ஆனால் ஒவ்வொரு நாளும் அவளுக்கு முன்னால் அது திரும்பியிருக்கும், விரித்த படத்தோடு, சாலையையே பார்த்துக்கொண்டு.